நாற்பத்தேழு செத்துப்போன கதை

பயம் வந்தால் டிம்ப்னா கில்ஃபாயிலுக்குச் சிரிப்பு வந்துவிடும். எழுபத்தொரு வயதாகியும் அது அவளை விட்டுப் போகவில்லை. புருஷனை அடக்கம் செய்த அன்று, பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரம் பார்த்துக் கயிறு பிடித்த நால்வரில் ஒருவனுக்குத் தும்மல் வந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, ஏதோ யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி நிமிர்ந்தது. டிம்ப்னா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஊர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் அவளைச் சமைக்க விடவில்லை.

சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். அதற்குக் காரணம் பல். மேல்வரிசை முன்பல் இரண்டும் பத்து வயதிலேயே போய்விட்டன. அந்த இடத்தில் இருப்பது கட்டின பல். அதுவும் சற்றுத் தளர்வு. பலமாகச் சிரித்தால் வெளியே கிளம்பிவிடும். பற்கள் போனதும் சிரிப்பினால்தான். கன்னியர் மடத்துப் பள்ளியில் பூசை நேரத்தில் சிரித்தாள் என்று மடத்துத் தலைவியான மதர் சுப்பீரியர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை உருவி வாயிலேயே போட்டார்.

அந்த மே மாதச் சனிக்கிழமை காலை, கன்செப்டாவின் சின்னக் காரில் ஷானன் ஆற்றங்கரை ஓட்டலுக்குப் போகும் வழியில் டிம்ப்னாவுக்கு நாலு முறை சிரிப்பு வந்துவிட்டது. நாலாவது முறை கன்செப்டா காரை ஓரங்கட்டினாள்.

"இப்ப எதுக்குடி சிரிக்கிற?"

"அந்த மாடு என்னையே பாத்துச்சு."

"மாடு பாக்கத்தான் செய்யும். அதுக்கு வேற என்ன வேலை? அந்த விசாரணைக்கார லாலரம்மா முன்னாடி போயி இப்படிப் பல்ல இளிச்சேன்னா உன்ன அங்கேயே விட்டுட்டு வந்துருவேன். சனிக்கிழமை பஸ்ஸு கூடக் கிடையாது."

"இளிக்க மாட்டேன். பல்லே என்னுது இல்லையே."

கன்செப்டா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கிழவிகளும் காருக்குள் குலுங்கியதில் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து, துடைத்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

கன்செப்டா பேசுவதில் நியாயம் உண்டு. அவளும் அதே பள்ளியில் வளர்ந்தவள், டிம்ப்னா வந்து சேர்வதற்கு முந்தின வருடம் வெளியே போனவள். தொழிற்பள்ளி என்று பெயர். பிள்ளைகள் கற்றுக்கொண்ட ஒரே தொழில் அடுத்தவர் துணி துவைப்பது. அந்த மாதிரிப் பள்ளிகளில் அடியும் பட்டினியும் பட்டவர்களுக்கு, அறுபது வருடம் கழித்து, அரசு ஒரு வழி செய்திருந்தது. பெயர் போட்டு ஒரு மன்னிப்புக் கடிதம், மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகர், ஆயுள் முழுவதும் செல்லும் மருத்துவ அட்டை, கூட ஒரு தொகை. கன்செப்டாவுக்குப் போன வருடமே எல்லாம் கிடைத்துவிட்டது. அட்டையில் வந்த புது முழங்காலை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், மடக்கிக் காட்டுவாள்.

டிம்ப்னாவின் மனுவுக்கு மட்டும் இரண்டே வரியில் பதில் வந்தது. மேற்படி பள்ளியில் தாங்கள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே வருந்துகிறோம்.

பள்ளியின் பெயர்ப் பதிவேடு கொதிகலன் அறையில் கிடந்து நனைந்துபோனதில் நாற்பதிலிருந்து அறுபது வரை எண்கள் இருந்த பக்கங்கள் கூழாகிவிட்டன. டிம்ப்னாவின் எண் நாற்பத்தேழு. மற்ற பிள்ளைகளைக் கோர்ட் உத்தரவோடு கொண்டுவந்தார்கள், அதனால் அவர்களுக்கு வேறு காகிதம் இருந்தது. டிம்ப்னாவை அவள் அம்மா செத்த மறுநாள் பங்குத் தந்தை தம் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். அந்த வருகைக்கு அந்தக் கார்தான் சாட்சி. கார் இன்றைக்கு எந்தப் பழைய இரும்புக் கடையில் எந்தச் சட்டியாகக் கிடக்கிறதோ.

இன்று மேல்முறையீடு. இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால், ஒன்பது வயதிலிருந்து மூன்று வருடம் நாலு மாதம் டிம்ப்னா எங்கேயுமே இல்லை என்று அரசாங்க முத்திரையோடு முடிந்துவிடும். அட்டையும் பல்லும் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அவள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மூன்று வருடம் நாலு மாதம்.

ஓட்டலில் ஒரே அமளி. அன்றைக்கு ஊரில் முதல் நற்கருணை, பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் தடவையாக அப்பம் வாங்கும் நாள். வெள்ளை உடையும் முக்காடுமாகக் குட்டிப் பெண்கள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கப் புல்தரையில் அவர்கள் குதிப்பதற்காகக் காற்றடைத்த ரப்பர் கோட்டை ஒன்று, வீடு உயரத்துக்கு, மஞ்சளும் ஊதாவுமாக ஆடிக்கொண்டு நின்றது.

நிலுவையில் கிடந்த மனுக்கள் அதிகம் என்பதால் விசாரணைக் குழு சனிக்கிழமையும் உட்கார்ந்தது. அவர்களுக்குக் கிடைத்தது நடனக் கூடம். கூரையில் கண்ணாடிச் சில்லு ஒட்டிய உருண்டை ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் விசை எங்கே என்று தெரிந்த பையன் லீவில் போய்விட்டானாம். குழுத் தலைவி திருமதி லாலரின் நெற்றியிலும், மூக்கிலும், முன்னால் இருந்த கோப்புகளிலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஊர்ந்துபோயின. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள் மீன்தொட்டிக்குள் இருப்பவர்கள் மாதிரித் தெரிந்தார்கள்.

டிம்ப்னா நாற்காலியில் உட்கார்ந்த உடனே தன் செருப்பைப் பார்த்தாள். வேறு எங்கே பார்த்தாலும் ஆபத்து.

"மிஸஸ் கில்ஃபாயில், உங்க மனுவுல ஒரு பொண்ணப் பத்தி எழுதியிருந்தீங்க" என்றார் திருமதி லாலர். நிதானமான, களைத்த குரல். "நோரீன்னு. உங்களுக்கு முன்னாடி எண், நாப்பத்தாறு. குடும்பப் பேரு தெரியாதுன்னீங்க. நாங்க தேடிப் புடிச்சிட்டோம்."

டிம்ப்னா நிமிர்ந்தாள்.

"நோரீன் டான்சி. இங்கிலாந்துல, கோவன்ட்ரியில இருக்காங்க. அவங்களுக்குக் கோர்ட் பேப்பர் இருக்கு, அதனால அவங்க அங்க இருந்ததுல சந்தேகமே இல்ல. நேத்து கப்பல்ல வந்து, இன்னைக்குக் காலையில எங்க முன்னாடி சாட்சி சொல்லிட்டாங்க."

நோரீன். அந்தப் பள்ளியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நோரீனின் பெயர் தெரிந்ததற்குக் காரணம் அவள் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து, உள்ளே விடமாட்டோம் என்றதும், வாயிலில் நின்று "நோரீன்… நோரீன்…" என்று மலையெல்லாம் எதிரொலிக்கக் கத்தினான். அன்றிலிருந்து நாற்பத்தாறுக்குப் பெயர் உண்டு என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. டிம்ப்னாவைத் தேடி யாரும் வரவில்லை. அதனால் அந்தப் பெயரை அங்கே யாரும் உரக்கக் கேட்டதில்லை.

"என்ன சொன்னா, மேடம்?"

திருமதி லாலர் கோப்பைப் புரட்டினார். ஒரு வெள்ளைப் புள்ளி அவர் கண்ணாடியில் ஏறி இறங்கியது. "டிம்ப்னான்னு ஒரு பொண்ண அவங்களுக்குத் தெரியாது. ஆனா நாப்பத்தேழாம் நம்பரு நல்லா ஞாபகம் இருக்கு. வரிசையில அவங்களுக்குப் பின்னாடி நிக்குமாம்." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "அந்தப் புள்ள நெஞ்சுச்சளியில இறந்துபோச்சுன்னு சொன்னாங்க. அறுபத்தஞ்சாம் வருஷம், ஜனவரியில. சிஸ்டருங்க எல்லாப் புள்ளைங்களையும் முட்டி போட வச்சு ஜெபமாலை சொல்ல வச்சாங்களாம்."

சிரிப்பு டிம்ப்னாவின் அடிவயிற்றில் கிளம்பியது. அது நெஞ்சுக்கு ஏறுவது அவளுக்கே கேட்டது. கையால் வாயை அடைத்தாள். மூக்கு வழியாக வந்துவிட்டது.

"மிஸஸ் கில்ஃபாயில்?"

"மன்னிச்சிருங்க, மேடம். நான் சாகல."

"நீங்க சாகலேன்னு தெரியுது. நாப்பத்தேழு செத்துச்சா இல்லையாங்கிறதுதான் கேள்வி."

"நான்தான் நாப்பத்தேழு. சூப்பு குடிச்சிட்டிருந்தப்ப பாதியில எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பங்குச் சாமியாரோட தங்கச்சி வீட்டுல பாத்திரம் கழுவறதுக்கு. மத்த புள்ளைங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? செத்துட்டேன்னு சொல்லியிருக்காங்களா?" மறுபடி மூக்கு வழியாக வந்தது. "எத்தன ஜெபமாலை?"

திருமதி லாலர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் மட்டும் இருபத்தாறு பேர் சொன்னதைக் கேட்டிருந்தார். யாரும் அவர் முன்னால் சிரித்ததில்லை.

"அவள நான் பாக்கலாமா, மேடம்? ஒரு நிமிஷம் பாத்தாப் போதும், சொல்லிருவா."

"நாங்க கேட்டோம். அவங்க ஒத்துக்கல. 'செத்த புள்ள எடத்துல யாரோ வந்து நிக்கிறாங்க, அந்த மூஞ்சிய நான் பாக்க மாட்டேன்'னு சொல்லி அழுதாங்க. அவங்களும் அங்க அடிபட்டவங்கதான். வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்ல." கோப்பை மூடினார். "கால் மணி நேரம் இடைவேளை. அதுக்குள்ள வேற ஏதாவது, எது வேணாலும், ஞாபகம் வந்தாச் சொல்லுங்க. இல்லேன்னா எங்ககிட்ட இருக்கிறத வச்சுத்தான் முடிவு எடுக்க முடியும்."

டிம்ப்னா நேராகக் கழிவறைக்குப் போனாள். கட்டின பல்லைக் கழற்றிக் குழாயில் கழுவினாள். சிரிப்பு சுத்தமாக நின்றுபோயிருந்தது, அதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது. கண்ணாடியில் பல்லில்லாத ஒரு கிழவி தெரிந்தாள். அதுபாட்டுக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவேளை நாற்பத்தேழு நிஜமாகவே செத்துப்போய், தான் வேறு யாரோவாக இருந்தால்? அறுபது வருடம். எத்தனையோ பேர் எத்தனையோ விஷயத்தைத் தப்பாக நினைவில் வைத்திருக்கிறார்கள். நோரீன் அழுதிருக்கிறாள். பொய்யாக அழ அவளுக்குத் தெரியாது. பல்லை மாட்டினாள். மாட்டியும் சந்தேகம் போகவில்லை.

வெளியே வராந்தாவில் குழுவின் எழுத்தர் ஃபெர்கல் ரொம்பச் சிரமப்பட்டு ஒழுங்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வழுக்கை, கழுத்தில் அடையாள அட்டை. சாட்சியும் மனுதாரரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. வராந்தாவோ ஒன்றுதான். அதனால் டீ வண்டியை நடுவில் குறுக்காக நிறுத்தி எல்லை போட்டிருந்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் பச்சை மழைக்கோட்டில் ஒரு குள்ளமான கிழவி. இந்தப் பக்கம் கன்செப்டா. அடுத்த விசாரணைக்கு வந்திருந்த இரண்டு பெரியவர்கள், வேறு மாவட்டத்து ஆண்பிள்ளைப் பள்ளிக்காரர்கள், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வண்டியிலேயே சாய்ந்து நின்றார்கள்.

"பிஸ்கோத்து எடுத்துக்கலாமா, இல்ல அதுக்கும் மனு போடணுமா?" என்றார் அவர்களில் தொப்பி போட்டவர்.

"போடுங்க, போடுங்க. பதினோரு வாரத்துல பதில் வரும்" என்றாள் கன்செப்டா.

மழைக்கோட்டுக் கிழவி யாரோடும் பேசாமல் சன்னல் பக்கம் திரும்பி நின்று டீ குடித்தாள். கழிவறைக் கதவைத் திறந்த டிம்ப்னா அப்படியே நின்றாள். முகத்தைப் பார்த்திருந்தால் சத்தியமாக அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் பிடரி தெரிந்தது. பள்ளியில் கைமணி அடித்தால் வரிசை, வரிசையில் திரும்பிப் பார்த்தால் அடி. ஆகவே மூன்று வருடம் அவள் பார்த்தது நோரீனின் பிடரியைத்தான். தலை நரைத்துவிட்டது. இடது காது மட்டும், அன்றைக்குப் போலவே, வெளியே போகக் கிளம்பினதுபோல விறைத்துக்கொண்டு நின்றது. நோரீன் அவளைப் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பின்னால் நிற்பவளை எப்படிப் பார்ப்பது?

சரியாக அந்த நேரத்தில், புல்தரையில், ஓட்டல்காரம்மாவின் ஒலிபெருக்கி கெட்டுப்போயிற்று. சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும், எண்பது பேர் தோட்டமெங்கும் இறைந்து கிடக்கிறார்கள். அவள் வரவேற்பு மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பித்தளைக் கைமணியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு கையாலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் ஆட்டினாள்.

கன்செப்டாவின் கையிலிருந்த கோப்பை வண்டிக்குப் போனது. அவள் சுவரோரம் போய் நின்றாள். கைகள் முதுகுக்குப் பின்னால் சேர்ந்தன. கண் நேராக. எதிர்ச்சுவரில் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பின்னால் அவரோடு நின்றிருந்த ஊன்றுகோல்காரர். பையன்கள் இடது சுவர், பெண்கள் வலது சுவர் என்று யாரும் சொல்லவில்லை. பச்சை மழைக்கோட்டு நோரீன் டீ வண்டியைச் சுற்றிக்கொண்டு, ஃபெர்கலைத் தள்ளிக்கொண்டு வந்து, கன்செப்டாவுக்குப் பின்னால் நின்றாள். டிம்ப்னா ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் ஐந்து எட்டில் வந்து நோரீனுக்குப் பின்னால் நின்றாள்.

பிஸ்கோத்துத் தட்டோடு ஃபெர்கல் மட்டும் நடுவில் நின்றார். கூடத்தின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த திருமதி லாலர் கதவைப் பிடித்தபடியே நின்றார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

டிம்ப்னாவின் முன்னால் நோரீனின் இரண்டு கையும், ஒன்றுக்குள் ஒன்றாக, உள்ளங்கை வெளியே தெரிய.

யோசித்திருந்தால் விரல் போயிருக்காது. தானாகப் போனது. ஈரமான ஆட்காட்டி விரல் அந்த உள்ளங்கையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம். அதற்குள் இரண்டு குத்து, மூக்குத் துவாரம். மேலே ஒரு காது, மதர் சுப்பீரியரின் முக்காடு மடங்கியிருக்கும் மாதிரி மடங்கினது. பின்னால் சுருள் வால்.

நோரீனின் தோள்பட்டை மெல்ல அசைந்தது.

வால் நுனியில் மூன்று கோடு. மூன்று சாவி.

அன்றைக்கெல்லாம் நோரீன் காது வரைக்கும் தாங்குவாள், வால் வரைக்கும் தாங்குவாள், சாவியில் விழுந்துவிடுவாள். இப்போதும் சாவியில்தான் விழுந்தாள். மூக்கால் ஒரு சத்தம் வந்தது. திரும்பாமலே, உதடு அசையாமலே, பல்லிடுக்கில் சொன்னாள்:

"நாப்பத்தேழு, கைய எடுடி. மதர் வருது."

மணி நின்றது. நோரீன் தன் குரலைத் தானே கேட்டுவிட்டவள் மாதிரி நின்றாள். பிறகு, அறுபது வருடத்தில் முதல் தடவையாக, வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள்.

"நீ செத்துட்டியேடி" என்றாள்.

"ஆமா. இப்பதான் உள்ள சொன்னாங்க."

"உனக்காக ஒம்பது நாள் ஜெபமாலை சொன்னேன். கல்லுத் தரையில. முட்டி போட்டு."

"வலிச்சுதா?"

"இன்னும் வலிக்குது, நாசமாப் போறவளே. முட்டிய மாத்தணும்கிறான் டாக்டரு."

"அட்டையில மாத்திக்கலாம்" என்று வரிசையின் முன்னாலிருந்து கன்செப்டாவின் குரல் வந்தது. "இங்க பாரு." முழங்காலை மடக்கிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. தொப்பிக்காரர், தான் சுவரோரம் கைகட்டி நிற்பதை அப்போதுதான் கவனித்து, "ஐயோ, எனக்கு எழுபத்தாறு வயசு" என்றார், அதில் எல்லாமே கைமீறிப்போயிற்று. ஊன்றுகோல்காரர் ஊன்றுகோலை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நோரீனும் டிம்ப்னாவும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தே உட்கார்ந்துவிட்டார்கள். டிம்ப்னாவின் பல் கழன்று டீ வண்டிச் சக்கரம் வரைக்கும் போனது. ஃபெர்கல் அதை ஒரு காகிதக் கைக்குட்டையால் எடுத்து, ஆவணத்தை நீட்டுவது போலவே பவ்வியமாக நீட்டினார்.

திருமதி லாலர் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கையில என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். எழுபது தாண்டிய இரண்டு பேர், பிடிபட்ட பிள்ளைகளைப் போல.

"ஒண்ணும் இல்ல, மேடம்" என்றாள் நோரீன்.

"சொல்ல வேண்டாம். ஃபெர்கல், ரெண்டு தாள், ரெண்டு பென்சில். ஒருத்தர் கூடத்துல, ஒருத்தர் வரவேற்பு மேசையில. என்னன்னு வரைஞ்சு குடுங்க. பேசிக்கக் கூடாது."

டிம்ப்னா சுற்றுகிற வெள்ளைப் புள்ளிகளுக்கு அடியில் உட்கார்ந்து பன்றி வரைந்தாள். அரசாங்கத் தாளில், மேலே முத்திரை அச்சிட்ட தாளில், மதர் சுப்பீரியரைப் பன்றியாக வரைவது அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. சாவி போடும்போது ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு தாளும் மேசைக்கு வந்தன. குழு மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நோரீனின் பன்றி கொஞ்சம் ஒல்லி. மற்றபடி வட்டத்துக்குள் வட்டம், இரண்டு குத்து, மடங்கின ஒற்றைக் காது, சுருள் வால், வால் நுனியில் மூன்று சாவி. ஃபெர்கல் ஒரு தாளில் 'ஆவணம் அ' என்றும் இன்னொன்றில் 'ஆவணம் ஆ' என்றும் எழுதி, நாள் போட்டு, முத்திரை குத்தினார். முத்திரை ஆவணம் ஆ-வின் வயிற்றில் விழுந்தது.

"மிஸஸ் கில்ஃபாயில்" என்றார் திருமதி லாலர். "இத ஏன் முன்னாடியே சொல்லல? இருபத்திரண்டு பக்கம் ஃபார்ம் எழுதியிருக்கீங்க."

"எங்க அடிச்சாங்க, எத்தன தடவ, என்ன சாப்பாடு, எல்லாத்துக்கும் கட்டம் இருந்துச்சு, மேடம். சிரிச்சதுக்குக் கட்டம் இல்ல."

திருமதி லாலர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல், வைத்தார். அவருடைய வாயோரம் ஏதோ இழுத்தது. அது வெள்ளைப் புள்ளி ஊர்ந்ததாகவும் இருக்கலாம். பிறகு எழுந்து நின்றார். மற்ற இருவரும் எழுந்தார்கள்.

"முடிவு எழுத்துல வரும், ஒரு வாரம் ஆகும். ஆனா அதுவரைக்கும் நீங்க காத்துட்டிருக்க வேண்டாம். நீங்க அங்க இருந்தீங்க. மூணு வருஷம் நாலு மாசம். அங்க நடந்ததுக்கு இந்த அரசு உங்ககிட்ட மன்னிப்பு கேக்குது."

டிம்ப்னா சிரிப்பு வரும் என்று கையை வாய்க்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நேரம் கை அங்கேயே நின்றது. "டீ ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே நோரீன் காத்திருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்பக்கமிருந்து பார்த்துப் பழக்கமில்லை இருவருக்கும்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் நோரீன். "உன் பேரு என்னடி? காலையில அந்தம்மா சொன்னாங்க, நான்தான் கோவத்துல மனசுல வச்சுக்கல."

"டிம்ப்னா."

நோரீன் யோசித்தாள். "நாப்பத்தேழே நல்லா இருந்துச்சு."

அரை மணி நேரம் கழித்து, ஃபெர்கல் டிம்ப்னாவைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். திருத்தின மனுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. குழு கிளம்புவதற்குள் வாங்கியாக வேண்டும். நற்கருணைக் கூட்டம் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் கோட்டைக்கு முன்னால் குட்டிக் குட்டி வெள்ளைச் செருப்புகளுக்கு நடுவே பெரிய கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி கழற்றிக் கிடந்தது. உள்ளே நாலு சின்னப் பெண்கள், நடுவே டிம்ப்னா. குதிக்கிறாள் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்கள் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அவளை அது தூக்கிப் போட்டது.

"இது யாரு வேலை?" என்றார் ஃபெர்கல்.

"நான் பந்தயம் கட்டினேன்" என்றாள் கன்செப்டா. அவள் கம்பளிச் சட்டைப் பையில் டிம்ப்னாவின் பல் பத்திரமாக இருந்தது. "ஏற மாட்டான்னு கட்டினேன். தோத்துட்டேன்."

"மிஸஸ் கில்ஃபாயில்" என்று ஃபெர்கல் கூப்பிட்டார். காற்றடிக்கும் இயந்திரச் சத்தத்தில் அது நாலடிகூடப் போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். காகிதத்தை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் நோரீன்.

மழைக்கோட்டுக் கையை மடக்கிவிட்டுக்கொண்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். அண்ணன் அன்றைக்கு வாயிலில் நின்று கத்தியது அவளுக்கு ஒரு சொட்டும் மறக்கவில்லை. மூச்சை எங்கே எடுத்தான், எந்த எழுத்தை இழுத்தான் என்பது வரைக்கும் தெரியும்.

"டிம்ப்னா…"

கேக் வெட்டிய கை நின்றது. எண்பது பேரும் திரும்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின.

"டிம்ப்னா…"

கோட்டைக்குள் தூக்கிப் போடப்பட்டுக் கீழே வந்துகொண்டிருந்தவள் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். வாய், முன்பல் இரண்டும் இல்லாமல், நன்றாகவே திறந்திருந்தது. கை அதை மூடப் போகவில்லை. விழாமல் இருக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.